212-ஆம் குப்பி

"இருநூத்திப் பன்னெண்டு எங்க சார்?"

வந்தவள் வணக்கம் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. கடைசிக் குற்றத்தை மட்டும் மருதாசலம் உடனே மன்னித்தார். 2061-இல் வீட்டுக்குள்கூட யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை. தரையில் ஒரு சிலாம்பு கிடந்து, அது காலில் ஒரு கீறல் போட்டால், பத்தாம் நாள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டும்படி ஆகிவிடும்.

"இருநூத்திப் பன்னெண்டு பஸ்ஸுங்களா? அது நின்னு முப்பது வருசம் இருக்குமே," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கண்ணாடித் தகட்டை அவர் பக்கம் திருப்பினாள். ஏதோ பழைய ரிஜிஸ்டரின் ஒரு பக்கம் அதில் ஒளிர்ந்தது. கட்டம் கட்டமாகக் கோடுகள். நீல மசியில் எண்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மசி.

மாதிரி எண் 212. கொண்டு வந்தவர்: டாக்டர் மருதாசலம். தேதி 14.3.2017. முடிவு: ஆறு மருந்துகளுக்கும் கட்டுப்படுகிறது. குறிப்பு: மாதிரி தாமதமாக வந்தது.

அந்தச் சிவப்பு எழுத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள வாங்கம்மா. இதை எழுதினவங்க உள்ளதான் படுத்திருக்காங்க."

* * *

அந்தப் பெண்ணின் பெயர் ஃபரீதா. கோயம்புத்தூரில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு கிருமி மீட்பு மையத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மருதாசலத்தின் மனைவி ரேணுகா தலையணையில் சாய்ந்தபடி தன் பழைய கையெழுத்தைப் பார்த்தாள். எழுபத்திரண்டு வயது. இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதற்கு மூச்சு போதாது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது.

"என் 'ற' அப்பவே கோணல்தான்," என்றாள். "இதை எங்கம்மா புடிச்சீங்க?"

"பழைய தனியார் ஆய்வகங்களோட ரிஜிஸ்டர் எல்லாத்தையும் ஏழு வருஷமாப் படிச்சுட்டிருக்கேன் மேடம். மொத்தம் நாலு லட்சம் பக்கம். பல்லடம் வட்டாரத்துல, அந்த அஞ்சு வருஷத்துல, ஆறு மருந்துக்கும் கட்டுப்பட்ட ஒரே கோழிக்குடல் கிருமி இதுதான்."

"கட்டுப்பட்டு என்ன பண்றது? மருந்தே இல்லாத ஊர்ல?"

"மருந்துக்கு இல்ல மேடம். கிருமிக்காகத்தான் வந்திருக்கேன்."

மருதாசலம் காபி கொண்டுவந்து வைத்தார். ஃபரீதா அதைத் தொடாமல் பேசினாள்.

"உங்க வயித்துல, சார் வயித்துல, என் வயித்துல எல்லாத்துலயும் கவசம் போட்ட கிருமிதான் இருக்கு. குடலுக்குள்ள சும்மா கிடக்கறவரைக்கும் தொந்தரவில்ல. உடம்பைக் கிழிச்சா ரத்தத்துல ஏறும். ஏறினா அடக்க ஆளில்ல. அதனாலதான் சிவப்பு அட்டைக்காரங்களை எந்த ஆஸ்பத்திரியும் கத்தியால தொடறதில்ல."

இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. குடல் கிருமியைச் சோதித்துத் தரும் அந்த அட்டை, கவசமில்லை என்று பச்சையாக வந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் தேறினால் அதிகம். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அட்டையைக் கேட்டார்கள். மாரியம்மன் நோன்பில் அலகு குத்துவது நின்று இருபது வருடமாகிவிட்டது. காது குத்து விருந்து மட்டும் தவறாமல் நடந்தது. மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, தோட்டை ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒட்டினார்கள். குழந்தை அழாது. கூட்டம் பழைய ஞாபகத்தில் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் பிறகு பந்திக்கு எழும்.

"கவசம் கனமானது மேடம். மருந்து இருக்கற இடத்துல அதைப் போட்டவன்தான் பிழைப்பான். மருந்து இல்லாத இடத்துல போடாதவன் லேசா ஓடி முந்திருவான்."

"இப்பத்தான் மருந்து எங்கயும் இல்லையே. ஏன் முந்தலை?" ரேணுகாவின் குரலில் பழைய டெக்னீஷியன் எட்டிப் பார்த்தாள்.

"ஓட விட ஆளில்ல. ஓடத் தெம்புள்ளவன், கவசம் போடாதவன் ஒருத்தன்கூட மிச்சமில்ல. வேற ஊர்கள்ல ரெண்டு மூணு பழைய மாதிரி கிடைச்சுது. எல்லாம் நோஞ்சான், பச்சை அட்டைக்காரங்க வயித்துல இருக்கறதும் அப்படித்தான். வயித்துக்குள்ள விட்டா ரெண்டே நாள்ல தோத்துப் போகுது. ஆனா இது..." ஃபரீதா தகட்டைத் தட்டினாள். "சார் கொண்டு வந்த மத்த மாதிரிகளைப் பார்த்தா, சுத்திலும் இருபது கொட்டகை. இருபதுலயும் கவசக் கிருமி. ஈ, எலி, தூசு, சாரோட பூட்ஸ், எல்லாத்துலயும் ஏறி அங்கயும் போயிருக்கும். போயும் ஜெயிக்க முடியலை. நடுவுல நின்னு தாக்குப் பிடிச்ச முரட்டுப் பய. அவன் வயித்துல நிறைஞ்சுட்டா, ரத்தத்துல ஏறினாலும் பழைய மருந்தைத் திரும்பச் செஞ்சு அடக்கிரலாம். எனக்கு அவன் வேணும்."

ரேணுகா கணவரைப் பார்த்தாள். "எனக்கு அந்தத் தட்டு நல்லா ஞாபகமிருக்கு. ஆறு மருந்துப் பொட்டு, சுத்திலும் கிருமி செத்த ஆறு வட்டம், அத்தனையும் பளிங்கு மாதிரி. அப்படி ஒன்னைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்துச்சு. ஆசையா இருந்துச்சுன்னு தனியா ஒரு குப்பியில ஊனி வெச்சேன். ரப்பர் மூடி. மேல மெழுகு."

ஃபரீதா நாற்காலி நுனிக்கு வந்தாள். "மெழுகு ஊத்தினீங்களா? அப்படின்னா அரை நூற்றாண்டுகூட உயிரோட இருக்க வாய்ப்பிருக்கு மேடம். எங்க அது?"

"இவர்கிட்டதான் கொடுத்தேன். வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சுன்னார்."

மருதாசலம் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். தம்ளர்களில் காபி நிறைய இருந்தது.

* * *

2017-இல் அவருக்கு வயது முப்பது. ஒரு பெரிய கோழிக் கம்பெனியின் கால்நடை மருத்துவர். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். தோட்டக்காரர்கள் கொட்டகையில் வளர்த்துக் கொடுப்பார்கள். பொங்கலூர்ப் பக்கம் இருபத்தொரு கொட்டகை அவர் பொறுப்பு.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வாசனைதான் வரும். நார்த்தூள் பரப்பிய கொட்டகைக்குள் குஞ்சு இறக்கிய முதல் நாள் வாசனை. மஞ்சள் பந்துகளாக நாலாயிரம் குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தில் கத்தும்போது, பேசுவது எதுவும் காதில் விழாது. பைக் பெட்டியில் ஐஸ் டப்பா, ஐஸுக்குள் பஞ்சுக் குச்சி போட்ட குழாய்கள். மதியம் காமநாயக்கன்பாளையம் முக்கில் ஒரு டீ. அப்புறம் பல்லடம். டயர் கடை மாடியில் அந்த ஆய்வகம்.

கவுண்டர் நாலு மணிக்கு மூடும். முதல் தடவை அவர் நாலே காலுக்குப் போனது தற்செயல். உள்ளேயிருந்த பெண் குழாய்களை வாங்கிக்கொண்டு, பேனாவை மாற்றி, சிவப்பு மசியில் எதையோ எழுதினாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"மாதிரி தாமதமாக வந்தது."

"பதினஞ்சு நிமிசந்தாங்க மேடம்."

"நாலுக்கு மேல எல்லாமே தாமதம்தான் டாக்டர்."

அடுத்த தடவை நாலரைக்குப் போனார். அதற்கடுத்து நாலே முக்கால். கம்பெனியிலிருந்து ஏன் தாமதம் என்று மூன்று தடவை கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தை அவளிடமே காட்டினார். அந்த ஆவணியில் கல்யாணம். தாலி கட்ட நேரமானதைக்கூட அவள் அந்த வாக்கியத்தால்தான் கிண்டல் செய்தாள். சாப்பிட வர நேரமானாலும் அதுதான், கல்யாண நாளை மறந்தாலும் அதுதான்.

இனிமையான நாட்கள்தான். அந்த இனிமைக்குள் ஒரு வெள்ளைப் பொடியும் இருந்தது. ஒவ்வொரு தடவை குஞ்சு இறக்கியதும் முதல் ஐந்து நாள் தண்ணீர்த் தொட்டியில் கலக்க வேண்டியது. நோய் வந்தபின் கொடுப்பது ஒரு பங்கு என்றால், வராமலிருக்கக் கொடுத்தது பத்துப் பங்கு. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்து அது. மருதாசலம் கையெழுத்துப் போட்டார். இருபத்தொரு கொட்டகைக்கும், ஒவ்வொரு தடவையும், ஒரே மாதிரி கையெழுத்து. அப்புறம் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் கிருமிகள் பாடத்தைப் படித்து முடித்திருந்தன.

212-இன் முடிவு வந்த அன்று ரேணுகா கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், இந்தத் தோட்டத்துல மருந்தே போடலையா?"

எந்தத் தோட்டம் என்று அவளுக்குத் தெரியாது. ஆய்வக வழக்கம் அது. ரிஜிஸ்டரில் கொண்டு வந்தவர் பெயர் மட்டும்தான் ஏறும். தோட்டத்தின் பெயர் அவர் நோட்டில்தான் இருக்கும்.

அந்தத் தோட்டம் சென்னியப்பனுடையது. மறுநாளே மருதாசலம் அங்கே போனார். தீவன அறையின் பரணில் அதுவரை குஞ்சு இறக்கிய ஐந்து தடவைக்கும் உரிய மருந்துப் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. கொட்டகைப் பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு நாளும் 'மருந்து கொடுத்தாச்சு' என்று எழுதி, கீழே சென்னியப்பனின் கையெழுத்து.

* * *

ஃபரீதா கேட்டில் காத்திருந்தாள். சமையலறையிலிருந்து வந்த மருதாசலம் மெதுவான குரலில் சொன்னார். "எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். நானே போறேன்."

"நானும் வர்றேன் சார்."

"வேண்டாம்மா. உங்களைப் பார்த்தா அட்டை சோதிக்க வந்தவங்கன்னு கதவைச் சாத்திருவாங்க."

அவள் ஒரு குளிர்பெட்டியும் ஒரு படிவமும் கொடுத்தாள். கொடுக்கும்போது உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

"சார், ஒரு விதி இருக்கு. முதல்ல ஒரே ஒருத்தருக்குத்தான் இந்தக் கிருமியைக் கொடுக்க முடியும், நாலு வாரத்துல அவங்க அட்டை பச்சையாகிரும். ஏழு வாரம் கவனிச்சு, ஒன்னும் ஆகலைன்னாத்தான் அடுத்த ஆள். அந்த முதல் ஆள் யாருன்னு மாதிரி கொடுத்தவங்களே சொல்லலாம். ரிஜிஸ்டர்ல உங்க பேர்தான் இருக்கு."

"ஏழு வாரமா?"

"ஒரு நாள் குறைக்க முடியாது."

போன மாதம் இதயப் பரிசோதனைக்கு ரேணுகா தனியாகவே போய் வந்திருந்தாள். 'இன்னும் ரெண்டு மாசம் தாங்குமாம். அதுக்குள்ள பச்சை அட்டை வாங்கிட்டு வந்தா வால்வு மாத்திருவாங்களாம்' என்று வந்து சொல்லியிருந்தாள். அதில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. மருதாசலம் கணக்குப் போட்டார். முதல் ஆளாக இருந்தால் பிழைப்பாள். இரண்டாவது ஆளாக இருந்தால் இல்லை.

* * *

சென்னியப்பன் தோட்டத்தில் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது முருங்கை நின்றது. வீடு அதே வீடு. கூரைமேல் பழைய சிமெண்டுத் தொட்டிகூட அப்படியே இருந்தது.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"டாக்டருங்களா?" என்றாள். "வாங்கொ. உக்காருங்கொ."

சென்னியப்பனின் மனைவி சாந்தாமணி. நாற்பத்து நான்கு வருடம் கழித்தும் அடையாளம் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார்.

"சென்னியப்பன்..."

"இல்லீங். பன்னெண்டு வருசமாச்சு. மாட்டுச் சாளைத் தகரம் கையைக் கீறிப் போடுச்சு. இத்தனூண்டுதானுங்." சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "ஒம்போது நாள் இருந்தாருங்."

மருதாசலம் சொம்பைக் கீழே வைத்தார். அந்த ஒன்பது நாளில் சென்னியப்பனின் ரத்தத்தில் ஏறியது எது, அது எந்தெந்தக் கொட்டகையில் பாடம் படித்தது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கொட்டகையில் இல்லை.

"அம்மா, ஒன்னு கேக்கணும். அந்தப் பொடியை அவர் ஏன் போடலை? வித்துட்டார்னுதான் முதல்ல நினைச்சேன். பரண்ல அப்படியே இருந்துது."

சாந்தாமணி கூரையைக் காட்டினாள்.

"தொட்டி ஒன்னுதானுங்களே. கொட்டகைக்கும் அந்தத் தண்ணிதான், ஊட்டுக்கும் அந்தத் தண்ணிதான். நான் அப்ப முழுகாம இருந்தேன். மொத ரெண்டு தங்கலீங். உங்க கம்பெனிக்காரரே சொன்னாரு, பொடி கலந்த தண்ணி கோழிக்கு மட்டுந்தான்னு. இன்னொரு தொட்டி வெச்சுட்டுப் போட்டுக்கலாம்னாரு இவரு. அதுக்குள்ள கோழி நல்லாத்தான் இருந்துச்சு, அப்படியே உட்டுட்டாரு."

"இதை அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பொண்டாட்டிக்காகப் போடலைன்னு அத்தனை பேரு மத்தியில எப்படீங் சொல்லுவாரு?"

அத்தனை பேர். ஆமாம். மருதாசலம் சாட்சிக்குச் சூப்பர்வைசரையும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். சென்னியப்பன் பாக்கெட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டே, 'நான் போடலைன்னு என்னங் சாட்சி?' என்று கேட்டான். அசட்டுத்தனமான கேள்வி. எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலத்துக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்துத் தீவன மூட்டைமேல் ஓங்கி வைத்தார். 'இதுதான் சாட்சி. பத்திரமா வெச்சுக்குங்க, கோர்ட்டுல கேப்பாங்க.' நக்கலாகச் சொன்னது. எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அந்த வாரமே கம்பெனி குஞ்சு தருவதை நிறுத்தியது. சென்னியப்பன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான்.

அந்தக் குப்பி ரேணுகா ஆசையாகக் கொடுத்தது. இப்படி ஒரு வேலைக்குப் பயன்படுத்தினேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தொலைந்துவிட்டது என்றார்.

"அந்தக் குப்பி..." என்று இப்போது ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. சாந்தாமணி எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தோட்டத்துப் பத்திரம், பட்டா, சென்னியப்பனின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்திருந்த மஞ்சள் பையோடு வந்தாள். அடியில் கைக்குட்டைக்குள் சுற்றியிருந்தது அது. சுண்டுவிரல் அளவு கண்ணாடி. மூடிமேல் பழுப்பேறிய மெழுகு. லேபிளில் 212, அவர் பெயர், தேதி, 'கட்டுப்படுகிறது' என்பதில் கோணலான 'ற'.

"வருசா வருசம் எடுத்துத் தொடச்சு வெப்போமுங்க. கோர்ட்டுல கேக்கறப்ப இல்லைன்னா இன்னொரு கேசு ஆயிருமேன்னு." சாந்தாமணி அதை இரண்டு கையாலும் நீட்டினாள். "டாக்டருங்க, இவரு மேல இருந்த கேசு முடிஞ்சுதுங்களா?"

கேஸ் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மருதாசலம் குப்பியை வாங்கினார்.

"முடிஞ்சுதும்மா," என்றார்.

அப்போதுதான் உள்ளறையில் கட்டில் முனகியது. ஒரு பெண் குரல், "யாரும்மா அது?" என்றது.

"அது தன்யஸ்ரீங்க. அன்னிக்கு வயித்துல இருந்தவ." சாந்தாமணி குரலைத் தாழ்த்தினாள். "கர்ப்பப்பையில கட்டி. ரத்தம் நிக்கறதே இல்லீங். ஆஸ்பத்திரி வாசல்லயே அட்டையைப் பார்த்துப் போட்டுத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. செவப்பு."

மருதாசலம் குளிர்பெட்டியை மூடினார். விதியைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. போயிட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னார்.

"சூதானமாப் போங்கொ," என்றாள் சாந்தாமணி. "வழியில முள்ளுக் கெடக்கும்."

* * *

படிவத்தில் நிரப்ப வேண்டிய வரிகள் இரண்டுதான். மாதிரி கொடுத்தவர். முதல் ஆள்.

ரேணுகா குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அடியில் கஞ்சி மாதிரி உறைந்திருந்த சத்து கொஞ்சம் சுருங்கியிருந்தது. நடுவில் ஒரு வெண்கோடு, அவள் ஊசி இறங்கிய தடம்.

"நாப்பத்து நாலு வருஷம். எங்க வெச்சிருந்தீங்க டாக்டர்?"

சொன்னார். நக்கலையும் சொன்னார், தொட்டியையும் சொன்னார், தகரத்தையும் சொன்னார். கட்டிலில் கிடந்த பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரேணுகா குப்பியின் மெழுகை விரலால் தடவியபடி கேட்டாள். எல்லாம் முடிந்ததும் கையை நீட்டினாள்.

"பேனா கொடுங்க. ரெண்டு வரிதானே, நான் எழுதிக்கறேன்."

"என்ன எழுதப் போறே?"

"நான் என்னத்தை எழுதறது? நான் டெக்னீஷியன். மாதிரி கொண்டு வர்றவர் சொல்றதைத்தான் எழுதிக்குவேன்."

"ரேணு, லேபிள்ல என் பேர்தான் இருக்கு."

"இருக்கு."

"உண்மை என்னன்னு யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கே தெரியாது."

"தெரியாது."

"நீ ஏதாச்சும் சொல்லேன்."

"கவுண்டர் மூடற நேரம் டாக்டர். சீக்கிரம்."

வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழங்கால் உறை, முழங்கை உறையெல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்து போனார்கள். ஒருவரும் ஓடவில்லை. அவர்களின் கடைசித் தலை மறையும்வரை மருதாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் கையெழுத்துப் போட்ட அந்தப் பொய்ப் பதிவேடு கண்ணுக்குள் நின்றது. அதில் ஒரு மனைவிக்காக எழுதிய பொய் இருந்தது. அதே மாதிரி ஒன்று அவருக்கும் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"மாதிரி கொடுத்தவர், சாந்தாமணி. சென்னியப்பன் தோட்டம், பொங்கலூர்."

ரேணுகா எழுதினாள்.

"முதல் ஆள்?"

"தன்யஸ்ரீ."

அதையும் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவின் மூடியைத் திருகி அவர் சட்டைப் பையில் செருகினாள். செருகிய கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

* * *

மூன்றாம் நாள் ஃபரீதா போனில் பேசினாள். குரலில் மூச்சிரைப்பு. "சார், முழிச்சுட்டான். தட்டு முழுக்க வளர்ந்து கிடக்கான்."

ஏழாம் நாள் பொங்கலூர் வீட்டில் தன்யஸ்ரீ ஒரு தம்ளர் மோரைக் குடித்தாள். மோரில் அந்த முரட்டுப் பய இருந்தான். மருதாசலம்தான் அன்று விதியையும், அடுத்த முறை ரேணுகாவுடையது என்பதையும் சாந்தாமணிக்கு விளக்கினார். கேஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார். அவள் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு முப்பது வருசம் எதுக்குங் பயந்தாரு?" என்றாள்.

கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவர் கையில் திணித்தாள். "உங்க ஊட்டு அம்மாவுக்குச் சூப்பு வெச்சுக் குடுங்கொ. அவங்க முறை வர்றவரைக்கும் தெம்பு வேணுமில்லீங்."

நான்காவது வாரம் ஃபரீதா மறுபடி பேசினாள். இரண்டாவது ஆளாக ரேணுகாவின் பெயரைப் பதிய வேண்டுமாம். பழைய இதய அறிக்கைகள் தேவை.

ரேணுகா தூங்கிக்கொண்டிருந்தாள். மருதாசலம் அலமாரியைத் திறந்தார். அவள் ஆய்வகக்காரி, காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். கடைசிக் காகிதம் அவள் தனியாகப் போய்வந்த நாளினுடையது. ஃபரீதா வந்து கதவைத் தட்டியதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

'இதயத் தசை மிகவும் பலவீனமடைந்துவிட்டதால் இனி அறுவைச் சிகிச்சை பொருந்தாது. அட்டையின் நிறம் மாறினாலும் இம்முடிவில் மாற்றமில்லை. நோயாளியிடம் விளக்கப்பட்டது.'

அதன் கீழே ஓரத்தில், சிவப்பு மசியில், ரேணுகாவின் கையெழுத்தில் ஒரு வரி.

மாதிரி தாமதமாக வந்தது.

மருதாசலம் காகிதத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். அலமாரியைச் சத்தமில்லாமல் சாத்தினார். பின்பக்கம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வெயில் காலைவிட்டு நகரும்வரை இருந்தார்.

உள்ளே வந்தபோது அவள் விழித்திருந்தாள்.

"அலமாரியில என்ன தேடினீங்க?"

"உன் பழைய ரிப்போர்ட். கிடைக்கலை. அப்புறமாத் தேடித் தர்றேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன்."

ரேணுகா அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, தேடலாம்," என்றாள். "இன்னும் நாளிருக்கே."

"இருக்கு," என்றார்.

* * *

ஆறாவது வாரம் ஒரு மதியம் ஃபரீதா நேரிலேயே வந்தாள். இந்த முறை வாசலில் நின்று வணக்கம் சொன்னாள். கையில் மூடி ஒட்டிய ஒரு கண்ணாடித் தட்டு.

"தன்யஸ்ரீயோடது. எங்க மெஷினே படிச்சுச் சொல்லிருச்சு. ஆனா மேடம் கண்ணால ஒரு தடவை பார்க்கணும்னு தோணுச்சு."

மருதாசலம் ரேணுகாவை நிமிர்த்தி, முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தார். ஜன்னல் திரையை விலக்கினார். அவள் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஆறு காகிதப் பொட்டு. ஒவ்வொன்றைச் சுற்றியும் தெளிந்த வட்டம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஆறு வரை வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அதேதான்," என்றாள். "அன்னிக்குப் பார்த்த அதே ஆறு."

"ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு மேடம். நாளைக்குக் கட்டியை எடுக்கறாங்க. அந்த அம்மா அட்டையை வாங்கிக் கையிலயே வெச்சிருக்காங்க. பச்சையான்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் கேக்கறாங்க."

ரேணுகா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. மருதாசலம் தண்ணீர் கொடுத்தார்.

"ரிப்போர்ட் எழுதலாமா டாக்டர்?"

"எழுதுங்க மேடம்," என்றார் மருதாசலம், பழைய நாள் மாதிரியே.

ஃபரீதா காகிதத்தை நீட்டினாள். மருதாசலம் இரண்டு பேனாக்களையும் எடுத்து வந்தார். ரேணுகா நீலத்தில் எழுதினாள்: பெயர், தேதி, ஆறு மருந்துகளுக்கும் கட்டுப்படுகிறது. 'தோட்டம்' என்று தானாகவே ஒரு கட்டம் போட்டு, அதில் சென்னியப்பன் பெயரை எழுதினாள்.

பிறகு பேனாவை மாற்றினாள். குறிப்பு என்ற கட்டத்தின்மேல் சிவப்பு முனை கொஞ்ச நேரம் நின்றது. மருதாசலத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதிரி சரியான நேரத்துக்கு வந்தது, என்று எழுதினாள்.